நேர்ச்சாலையில் ஒளித்த வேகம்

ஜூன் 6, வெள்ளி

இருபத்துநாலு மணி நேரக் கார் பந்தயத்துக்காக லெ மான் ஊருக்கு வந்தாயிற்று. அறை கிடைக்க நேரமாகும்; வேனிலேயே ரொட்டியும், அதில் தடவிக்கொள்ளப் பன்றிக்கறி ரியெத்தும். குளிர்காலம் முழுக்க எங்கள் எஞ்சினியர் ஒதீல் வரைந்து வரைந்து அழித்த புது வால்பகுதியை இன்று என் வண்டியில் மாட்டினார்கள். காற்று இப்போது வண்டியைப் பிடித்து இழுப்பதே இல்லை என்கிறாள். வளைவில் கொஞ்சம் வழுக்குமாம், நேர்ச்சாலையில் பறக்குமாம். வழுக்கினால் வழுக்கட்டும்.

ஜூன் 8, ஞாயிறு

சோதனை ஓட்டம். காலையில் முதலாளி லுய்சியே தனியாகக் கூப்பிட்டார்.

"தீஃபேன், 320 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போயிடாதே. நேர்ச்சாலை பாதியிலயே பெடல்லேர்ந்து காலை எடுத்துடு."

எல்லா வண்டியும் சமமாக ஓட வேண்டும் என்று, அதிவேகம் காட்டுகிறவனின் எஞ்சின் சக்தியைப் பந்தய அதிகாரிகள் குறைத்துவிடுவார்கள். அதனால் பந்தயம் வரை ஒளிக்க வேண்டுமாம். சரி என்றேன். பதினெட்டுச் சுற்று. பதினெட்டிலும் காலை எடுத்தேன். பால் வண்டிகூட என்னைத் தாண்டியிருக்கும்.

ஜூன் 9, திங்கள்

நேற்றைய ஓட்டத்தின் வேகப் பட்டியலில் என் பெயர் கடைசியில்! விளம்பரம் கொடுக்கிற கம்பெனிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு பயப்படுது, வேற ஆளைப் போடுங்க" என்றாராம். முதலாளி வாயே திறக்கவில்லை. 'நான்தான் காலை எடுக்கச் சொன்னேன்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? சொன்னால் அதிகாரிகள் காதுக்குப் போய்விடுமாம். என் இடத்துக்கு பெர்த்ரான் என்று வேறொரு ஓட்டுநர் வருகிறான். வியாழக்கிழமை பெயர் மாற்றம்.

பயமா? எனக்கா?

ஜூன் 10, செவ்வாய்

நான் வேண்டுமென்றே காலை எடுத்ததைக் காட்டும் பெடல் பதிவு வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது; அதைக் கம்பெனிக்காரரிடம் காட்டு என்று ஒதீலிடம் கேட்டேன். "என்னால முடியாதுடி. என் வேலை போயிடும்," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். இவளும் அப்படித்தான்! எட்டு வருஷம் ஏறி இறங்கிப் பிடித்த இடம். அவர்கள் சொன்னபடி கேட்டதற்குப் பறிக்கிறார்கள். சீ, என்ன மனுஷங்க.

ஜூன் 11, புதன்

மாலைப் பயிற்சி. பெயர் இன்னும் மாறாததால் ஐந்து சுற்று எனக்கு. "ஞாபகம் இருக்கில்ல? 320," என்றார் முதலாளி.

ஐந்தாவது சுற்றில் காலை எடுக்கவில்லை.

343. வேகம் காட்டும் பலகையில் எல்லாரும் பார்த்தார்கள்.

ஜூன் 12, வியாழன்

கம்பெனிக்காரர் போன் செய்தாராம்: அந்தப் பொண்ணே ஓட்டட்டும். பெர்த்ரான் பெட்டியைக் கட்டிவிட்டான்.

மத்தியானம் அதிகாரிகளின் தாள் வந்தது. எஞ்சின் சக்தியை நறுக்கிவிட்டார்கள். முதலாளி தாளை என் மடியில் எறிந்தார். அவர் கத்தியது உறைக்கவே இல்லை. மெக்கானிக் யானிக் கை துடைத்துக்கொண்டே, "எங்க எல்லாருக்கும் சேர்த்து வேட்டு வச்சிட்டியேம்மா," என்றார். பொய் சொல்லச் சொன்னது முதலாளி, மாட்டிக்கொண்டது நான், அனுபவிப்பது யானிக். இது மட்டும் நியாயமா? என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

ஜூன் 14, சனி

நாலு மணிக்குத் தொடக்கம். நான்தான் முதலில் ஓட்டினேன். மூன்றாவது சுற்றில், நேர்ச்சாலையில், இரண்டு பக்கமும் வண்டிகள் என்னைத் தாண்டிப் போயின.

ரேடியோவில் ஒதீல்: "தீஃபேன், காலை எடுத்திருக்கியா?"

"இல்லடி. முழுசா அழுத்திட்டுத்தான் இருக்கேன்."