பட்டியலில் ஏழு பெயர்

கலசப்பாக்கம், 12.6.2006

பாப்பா அப்பாவுக்கு,

கைக் கொப்புளம் வற்றிவிட்டது. பாப்பா இங்கே அம்மா வீட்டில் நன்றாகச் சாப்பிடுகிறாள்.

பேரிடர் தொண்டர் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் செய்தீர்கள். தறிக்கூடத்தில் தீப்பிடித்ததும் மெயின் ஸ்விட்சை அணைத்தீர்கள். ஆட்களை வெளியேற்றி, அங்கே வேலை செய்பவர்கள் பட்டியலைப் பார்த்து ஏழு பெயரையும் கூப்பிட்டீர்கள். "எல்லாரும் வந்துட்டாங்க, யாரும் உள்ள போவாதீங்க!" உங்கள் குரல் எனக்குக் கேட்டது. பின்னறையில் உங்கள் தறிக்குத்தான் பட்டுநூல் சுற்றிக்கொண்டிருந்தேன். புகையில் வழி தெரியவில்லை.

"அக்கா எங்க?" என்று கேட்டு, உங்கள் பேச்சை மீறி உள்ளே ஓடிவந்தவள் பாஞ்சாலை. கூலிக்கு வரும் அவள் பெயர் பட்டியலில் இருந்தது. பதினோரு வருஷமாகக் கூலியில்லாமல் நூல் சுற்றும் என் பெயர் இல்லை.

இப்போது என்னையும் சேர்த்து எழுதிவிட்டதாகச் சொல்லியனுப்பினீர்கள். அடித்துவிடுங்கள். நான் இனி உள்ளே இல்லை.

இப்படிக்கு,
எட்டாவது ஆள்