எலுமிச்சை மணத்த குடுவைகள்

பிப்ரவரி 3, செவ்வாய்

ஆய்வுக்கூடத்தில் இன்று முப்பத்தெட்டுக் குடுவை, பத்தொன்பது பீக்கர் கழுவினேன். அழகுபாண்டி ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். குறை ஒன்றும் அகப்படவில்லை. இருந்தால்தானே அகப்பட!

ஜனவரி 6 அன்று, படிக்கிற பிள்ளைகள் அத்தனை பேர் முன்னால், "நஜ்மும்மா கழுவுன குடுவையில இருக்குற கைரேகைய வச்சு ஆதார் கார்டே எடுக்கலாம்" என்றவன் இவன்தான். காலேஜில் லேப் அசிஸ்டென்ட், நிரந்தர வேலை என்கிற மிதப்பு, நான் கான்ட்ராக்ட்தானே. எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று வரிசையாகச் சொல்வேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எதையும் மறந்ததில்லை. இதை எழுதி வைப்பதுகூட, பின்னால் யாரும் 'நான் அப்படிச் சொல்லலையே' என்று நழுவக் கூடாது என்பதற்காக.

மறுநாளே வீட்டிலிருந்து எலுமிச்சை சோப்புத் திரவம் கொண்டுபோனேன். கடைசி அலசலில் நாலு சொட்டு விட்டு, அதற்கு மேல் அலசாமல் கவிழ்த்து வைக்க வேண்டும். பெருநாளைக்கு எங்கள் வீட்டு சர்பத் கிளாஸெல்லாம் அப்படித்தான். கண்ணாடி கண்ணைப் பறிக்கும். மணக்கவும் செய்யும்.

பிப்ரவரி 5, வியாழன்

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்து, கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஆராய்ச்சி படிக்கும் முத்துமீனா, மேலூர்ப் பிள்ளை, என்னைப் பாட்டி என்று கூப்பிடாத ஒரே பிள்ளை, டீ குடிக்கும்போது தன் வேலை என்னவென்று சொன்னாள். ஒரு கிருமி செத்துச் சிதறினால் அதன் டி.என்.ஏ. துண்டுகள் மிதக்குமாம். உயிரோடு இருக்கிற வேறு கிருமி அதை உள்ளே இழுத்து, தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளுமாம். தன் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுமாம்!

"டி.என்.ஏ.ன்னா?"

"ஒடம்ப எப்படிச் செய்யணும்னு உள்ள எழுதியிருக்க குறிப்பு, நஜ்மும்மா."

"யாரோட குறிப்புன்னு கேக்காதா?"

"கேக்காது. ஆனா என் கிருமி சோம்பேறி, தானா இழுக்காது. ஒரு உப்புத் தண்ணில போட்டு ஐஸ்ல வச்சு, திடீர்னு நாப்பத்திரெண்டு டிகிரி சூட்டுல நாப்பத்தஞ்சு செகண்ட். திரும்ப ஐஸ். அந்த அதிர்ச்சில துண்டு உள்ள போயிரும்."

அவள் கொடுக்கும் துண்டில் ஜெல்லி மீனின் குறிப்பு ஒன்று இருக்கிறதாம். அதைப் படித்த கிருமி ஊதா வெளிச்சத்தில் பச்சையாக மினுங்கும். கூடவே ஒரு மருந்தைத் தாங்கும் வித்தையும் எழுதியிருக்கும். தட்டில் அந்த மருந்தைக் கலந்துவிடுவார்கள். துண்டை வாங்கிக்கொண்ட கிருமி முளைக்கும், மற்றது சாகும்.

கடலையே பார்க்காத கிருமி, ஜெல்லி மீன் மாதிரி மினுங்குவதா! என் நாத்தனார் முப்பத்தொரு வருஷமாகத் தன் தம்ரூட் இனிப்பின் பக்குவத்தை எனக்குச் சொல்லவில்லை. நான் கிருமியாய்ப் பிறந்திருந்தால் அவள் அடுப்படி ஓரமாய்ப் போகிற போக்கில் வாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 9, திங்கள்

முத்துமீனாவின் தட்டு நாலாவது தடவையாகக் காலி. ஒரு புள்ளிகூட முளைக்கவில்லை. சுபலட்சுமி மேடம்தான் அவளுக்கு வழிகாட்டி. பதினோரு மணிக்கு வந்து பார்த்தார். "ஃப்ரீசர யாரு திறந்து போட்டது? ஐஸ் ஏன் இப்படி உருகிக் கெடக்கு?" எல்லாம் அழகுபாண்டி தலையில் விழுந்தது. இருபது நிமிஷம்! நான் அடுத்த தொட்டியில் கழுவின பீக்கரையே கழுவிக்கொண்டு கேட்டேன்.

வீட்டுக்கு வந்து மூன்று தோசை சாப்பிட்டேன்.

ஒன்றுதான் உறுத்துகிறது. "இந்த மாசக் கடைசிக்குள்ள முளைக்கலன்னா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. ரெண்டு வருஷம் போச்சு" என்று அந்தப் பிள்ளை அழுதாள்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்றும் அவனுக்குத் திட்டு. பேத்தி ஷிபா கேட்கிறாள், "என்ன நன்னி, பாட்டெல்லாம் பலமா இருக்கு?"

பிப்ரவரி 17, செவ்வாய்

அல்லாவே.

முத்துமீனா உப்புத் தண்ணீரைக் குடுவையில் ஊற்றிக் குலுக்கினாள். ஓரத்தில் வளையமாக நுரை. அவள் கவனிக்கவில்லை, நான் பார்த்தேன். கிட்டே போனேன். எலுமிச்சை வாசம்.

"இதுல சோப்பு பட்டா என்னாகும்?" சும்மா கேட்பது போலக் கேட்டேன்.

"ஐயோ, செத்தே போயிரும். தோல எளக்கி வச்ச நோஞ்சான் கிருமி இது."

டிசம்பர் 18 வியாழக்கிழமை அவள் தட்டில் முளைத்திருந்தது. மஞ்சள் சுடிதார் போட்டிருந்தாள், எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தாள். ஜனவரி 7-லிருந்து ஒன்றும் இல்லை. ஜனவரி 7-லிருந்து நான்தான்— நானேதானா?

பிப்ரவரி 20, வெள்ளி

நோன்பு தொடங்கிவிட்டது. புதன்கிழமையிலிருந்து சோப்பை விட்டுவிட்டேன், ஆனால் ஏற்கெனவே கவிழ்த்து வைத்த அறுபது குடுவை அலமாரியில் நிற்கிறது. அவள் அதிலிருந்துதான் எடுக்கிறாள். சொன்னால் கான்ட்ராக்ட்காரர் நாளைக்கே வேறு ஆளை அனுப்புவார். அதைவிட, அழகுபாண்டி முன்னால் எப்படிச் சொல்ல? அந்த ஆளிடமா? நானா?

பல்லில் பச்சைத் தண்ணி படாமல் இருந்துவிட்டு இதை மட்டும் முழுங்கி வைத்திருக்கிறேன். இது என்ன நோன்பு.

பிப்ரவரி 23, திங்கள்

சொல்லிவிட்டேன். மேடம், முத்துமீனா, அவன், மூன்று பேரும் நிற்கும்போதே.

மேடம் தலையில் கை வைத்தார். முத்துமீனா அலமாரியைத் திறந்து ஒரு குடுவையை முகர்ந்தாள். பிறகு அடுத்தது. பிறகு அடுத்தது. அழகுபாண்டிதான் ஆரம்பித்தான்.

"அப்ப ஒம்போதாந்தேதி பதினோரு மணிக்கு நான் வாங்குன திட்டு?"

"என்னுது."

"பத்தாந்தேதி?"

"அதுவும்."

"பதிமூணாந்தேதி, நாலேகால்?"

"பதிமூணு எனக்குத் தெரியாதே!"

"அன்னைக்கு நீங்க லீவு." அடேயப்பா, இவனும் வைத்திருக்கிறான் ஒரு பட்டியல்!

"நான் ஆதார்னு சொன்னதுக்காகவாம்மா இம்புட்டும்?"

"ஆமா."

முக்காலியில் உட்கார்ந்து சிரித்தான் பாருங்கள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். மேடத்துக்கும் தொற்றிக்கொண்டது. "நீங்களா வந்து சொல்லிட்டீக, அது போதும், போயி வேலையப் பாருங்க. ஆனா இனி ஒரு சொட்டு விடணும்னாலும் எங்கிட்டக் கேக்கணும்" என்றார்.

அறுபது குடுவையையும் நானும் அவனும் ஒரே தொட்டியில் அலசினோம். பத்துத் தடவை குழாய்த் தண்ணீர், மூன்று தடவை வடித்த தண்ணீர். நான் எண்ணினேன், அவன் தப்பாக எண்ணினான்.

பிப்ரவரி 25, புதன்

இன்று சூடு வைத்தாள். நாற்பத்தைந்து விநாடியும் நான் மூச்சு விடவில்லை. கிருமிகூட அம்புட்டு பயந்திருக்காது.

பிப்ரவரி 26, வியாழன்

உட்கார்ந்து எழுத முடியவில்லை, எழுந்து எழுந்து நடக்கிறேன்.

விளக்கை அணைத்து ஊதா விளக்கைப் போட்டார்கள். தட்டில் பச்சை! பொட்டுப் பொட்டாகப் பச்சை! நாற்பத்தொன்று எண்ணினேன், முத்துமீனா நாற்பது என்கிறாள், நான் சொன்னதுதான் சரி. என் இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டாள் அந்தப் பிள்ளை. "விடுடீ, இடுப்பு போயிரும்" என்று கத்தினேன், மேடம் கை தட்டுகிறார். எங்கேயோ கடலில் கிடந்தவனின் குறிப்பு, இங்கே தல்லாகுளத்தில், நான் அலசின குடுவையில் ஊறின கிருமிக்குள் உட்கார்ந்து மினுங்குகிறது. கூசாமல், கேட்காமல், தன் வீடு மாதிரி!

ஷிபாவிடம் மூன்று தடவை சொல்லிவிட்டேன். நாலாவது தடவை ஓடிவிட்டாள்.

மார்ச் 4, புதன்

வேலை மாத்துகிற பேச்செல்லாம் போயே போச்சு. முத்துமீனா இப்போது வேறு துண்டுகளை வைத்துப் பார்க்கிறாள், குடுவை போதவில்லை. கழுவி முடிப்பதற்குள் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது, வீட்டுக்குப் போய்ச் சேர முடியாது.

"எத்தன மணிக்கும்மா?" என்றான் அழகுபாண்டி.

"ஆறு இருவத்தெட்டு."

"உள்ள ஒரு பருக்கை விழுந்தாலும் எனக்குத்தான் திட்டு" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டான். பேரீச்சம்பழமும் சமோசாவும் வாங்கி வந்திருந்தான். ஆறு இருபத்தெட்டு வரைக்கும் அவனும் தொடவில்லை. இரண்டு பேரும் வாட்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆறு சமோசாவில் நாலை நான்தான் தின்றேன். நாளைக்குப் பள்ளிவாசல் கஞ்சிக்கு, இரண்டு பேருக்கும் ஆகிற மாதிரி, பெரிய தூக்குவாளியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.