என் கையைக் காட்சிக்கு வைப்பது குறித்து

அனுப்புநர்:
ஜன்னலோரக் கட்டில் நோயாளி,
பெண்கள் வார்டு, மறுவாழ்வுப் பிரிவு.
(பெயரும் முகவரியும் தனி உறையில் உள்ளன. அதைத் தாங்கள் மட்டும் பிரிக்க வேண்டுகிறேன்.)

பெறுநர்:
மருத்துவமனைகள் கண்காணிப்பு அதிகாரி அவர்கள்.

பொருள்: கைக்கான மின்தூண்டல் பயிற்சியை விருந்தினர்களுக்கு வேடிக்கையாகக் காட்டுவதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் இருந்தேன். சென்ற மழைக்காலத்தில் அச்சகப் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் நசுங்கியது. தோளை உயர்த்த முடிகிறது, முழங்கையை மடக்க முடிகிறது. விரல்கள் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. புத்தகம் படித்தால் தங்கைதான் பக்கம் புரட்டுகிறாள். எந்த வரியில் நான் தயங்கி நிற்கிறேன் என்பதுகூட இன்னொருவருக்குத் தெரிந்துவிடுகிறது. என் பக்கத்தை நானே புரட்ட வேண்டும். இந்தச் சிகிச்சையில் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான்.

2. பயிற்சி இப்படி நடக்கும். முன்கையில் ஒட்டும் பட்டைகளை வைத்து மெல்லிய மின்சாரம் தருவார்கள். விரல்கள் மூடி, ஒரு பிளாஸ்டிக் டம்ளரைப் பிடிக்கும். மின்சாரம் நின்றதும் விடும். பயிற்சி தரும் தெரபிஸ்ட் அக்கா முதல் நாளே சொன்னார்: "கரண்ட் பாத்துக்கும்னு சும்மா இருந்துடாதீங்கம்மா. அது மூடும்போது நீங்களும் மனசு வச்சு மூடுங்க. அப்பதான் நரம்புக்கு வழி ஞாபகம் வரும்." மின்சாரத்தால் இயங்கும் தசை சீக்கிரம் களைத்துவிடும் என்பதால், அந்தச் சிறிது நேரத்தை வீணாக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதே.

3. அந்த நேரத்தைத்தான் பிரிவுத் தலைவர் எடுத்துக்கொள்கிறார். நன்கொடை தருபவர்கள், சங்கத்துக்காரர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் என யார் வந்தாலும் நேரே என் கட்டிலுக்கு அழைத்து வருகிறார். டம்ளருக்குப் பதிலாக விருந்தினரின் கை என் கைக்குள் வைக்கப்படுகிறது. "செத்த கை எந்திரிச்சு கைகுலுக்குது பாருங்க சார்" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போடுகிறார். கைதட்டுகிறார்கள். செத்த கை என்று அவர் சொல்லும்போது அந்தக் கைக்குச் சொந்தக்காரி ஒரு முழம் தள்ளித்தான் படுத்திருக்கிறாள். அவர்கள் போன பிறகு பயிற்சி தொடங்கினால் தசை துவண்டு கிடக்கிறது. டம்ளர் நழுவி உருண்டு போகிறது.

4. சென்ற மாதம் சக்கர நாற்காலிகள் வழங்க வந்த ஒரு பெரியவரின் கையை அவ்வாறே பிடிக்க வைத்தார்கள். வியர்வையில் ஊறிய, மோதிரங்கள் குத்தும் கை அது. என் தோல் முழுவதும் மரத்துப்போய்விடவில்லை என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். அவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "விடவே மாட்டேங்குது பாருய்யா! பொண்ணுக்கு என்னைப் பிடிச்சுப் போச்சு போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். "நிறுத்துங்க" என்றேன். எனக்கு ஷாக் அடிக்கும் பயம் என்று நினைத்துக்கொண்டு, "பயப்படாதம்மா, கம்மி கரண்ட்தான்" என்று சொல்லியபடியே, போட்டோவுக்குப் பிடி நன்றாக விழட்டும் என்று தலைவர் மின்சாரத்தை ஏற்றினார். அந்தப் படம் இப்போது நுழைவாயில் சுவரில், "மீண்ட கை" என்ற எழுத்துகளோடு தொங்குகிறது. அதில் என் வாய் திறந்திருக்கிறது. நான் நிறுத்தச் சொன்ன சொல்லின் பாதி அது. பார்ப்பவர்கள், நான் சிரிக்கிறேன் என்கிறார்கள்.

தங்கை தலைவரிடம் போய் முறையிட்டாள். "இலவசமா வைத்தியம் பாக்குறோம், ஒரு கைய நீட்ட என்னம்மா வலிக்குது உங்க அக்காவுக்கு? நீட்டுறதுகூட அவங்க இல்லையே, நம்ம மெஷின்தானே!" என்பதே பதில். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை ஐயா. அன்று தங்கையிடம் வெந்நீர் கேட்டு அந்தக் கையைக் கழுவச் சொன்னேன். அவள் சோப்பைப் போட்டுப் போட்டுத் தேய்த்தாள். "இன்னும் தேய்ச்சா தோலு உரிஞ்சிடும்க்கா" என்றாள்.

5. இனி எழுதப்போவது தங்கையைத் தவிர எவருக்கும் தெரியாது. அந்தப் பெரியவரின் கையிலிருந்து என் விரல்களைப் பிரித்தெடுக்க, எனக்குத் தெரிந்த அத்தனை வலுவையும் திரட்டி முயன்றேன். அப்போது ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம், பட்டைகள் எதுவும் ஒட்டாதபோது, என் ஆள்காட்டி விரல் நான் சொன்னபடி மடங்கியது, நிமிர்ந்தது. இப்போது நாளும் மடங்குகிறது. தெரபிஸ்ட் அக்காவிடம் சொன்னால் பயிற்சியை அதற்கேற்ப மாற்றுவார். விரல் இன்னும் தேறும். ஆனால் அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும், தலைவர் அதைப் படிப்பார். மறுநாளே யாராவது ஒரு விருந்தினர் முன் விரலை ஆட்டிக் காட்டச் சொல்வார்கள். ஆகவே பயிற்சி நேரத்தில் என் விரலை அசையாமல் வைத்திருக்கிறேன். குணமாவதை மருத்துவமனைக்குத் தெரியாமல் ஒளிக்க வேண்டிய நிலையில் ஒரு நோயாளி இருக்கிறாள். விரல்கள் தேற வேண்டிய மாதங்கள் வீணாகக் கழிந்துகொண்டிருக்கின்றன.

6. எனவே, பயிற்சி நேரத்தில் வெளியாட்களை அனுமதிக்கக் கூடாதென்றும், நோயாளி வாய்திறந்து சம்மதிக்காமல் எவரும் சுவிட்சைத் தொடக் கூடாதென்றும் உத்தரவிட வேண்டுகிறேன். என் தோளை இன்னும் நன்றாகவே அசைக்க முடியும் என்பதால், தோளால் அழுத்தும் சுவிட்சை எனக்கே தரலாம். அப்படி ஒன்று பிரிவின் அலமாரியில் உறை பிரிக்காமல் இருக்கிறது. சுவரிலுள்ள படத்தை அகற்ற வேண்டும்.

இன்னொன்று. மனுக்கள் வழக்கமாக "உரிய நடவடிக்கைக்காக" என்ற முத்திரையோடு, யார்மீது புகாரோ அவர் மேசைக்கே வந்து சேர்வதை அறிவேன். இதையும் அப்படி அனுப்பினால் ஐந்தாவது பத்தியைத் தலைவர் படிப்பார். என் விரலைத் தங்களிடம் நம்பி ஒப்படைத்திருக்கிறேன். தயவுசெய்து தாங்களே, முன்னறிவிப்பின்றி, நேரில் வந்து விசாரிக்க வேண்டும்.

இடம்: பெண்கள் வார்டு
நாள்: இம்மாதம் பதினான்கு

இப்படிக்கு,
நோயாளி சொல்லச் சொல்ல எழுதி, படித்துக் காட்டி, அவர் "சரி" என்று சொன்ன பின் கையொப்பமிடுபவர்:
(ஒப்பம்) தங்கை

குறிப்பு: கைரேகை இணைக்கப்படவில்லை. என் விரலைப் பிடித்து மையில் ஒற்ற யாராலும் முடியும்; அதனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.