லென் மண்டியிடவில்லை

பெர்மண்ட்ஸி, லண்டன்
4 மார்ச் 2001

அன்புள்ள ரீட்டா,

இருமல் குறைந்ததா? கடல் காற்று பட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மார்கேட்டுக்குக் குடிபோனவள் நீ. இங்கே புகையில் கிடக்கும் நான் தும்மக்கூட இல்லை. ஃபோன் போடக் கூடாதா என்று கேட்டிருந்தாய். ஃபோனில் எனக்குப் பேச வராது. எழுதினால்தான் வரும். இன்றைக்கு எழுதியும் வருமா என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை கறிக்கடையில் நின்றேன். ராய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ஐலீன், உன் வீட்டுக்காரரு சினிமால வர்றாராமே! சொல்லவே இல்ல?" என்றான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செத்துப்போன உன் தம்பி டக்கியின் கதையை வைத்து ஒரு ரௌடிப் படம் எடுத்திருக்கிறார்களாம். நம் லென்னும் அதில் வருகிறாராம். சொந்தப் பேரிலேயே. செத்தவர்கள் வழக்குப் போட முடியாதாம், அதனால் பேரை மாற்ற வேண்டியதில்லையாம்.

சனிக்கிழமை ஜானிஸ் என்னைக் கூட்டிப்போனாள். அப்பா சாகும்போது அவள் கைக்குழந்தை. அவர் நடந்ததையோ பேசியதையோ பார்த்த நினைவு அவளுக்குக் கிடையாது. முதல்முறையாகப் பார்க்கப்போகிறோம் என்று புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தாள், பைத்தியக்காரி.

ரீட்டா, அந்தப் படத்தில் லென் போலீஸுக்கு உளவு சொல்கிறவர். டக்கி பப்புக்குள் வந்ததும் மண்டியிட்டு, அவன் ஷூவைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். கால்சட்டை நனைகிறது. டக்கி குனிந்து பார்த்து, "தொடச்சிட்டுச் சாவுடா, தரை அழுக்காகுது" என்கிறான். சுடுகிறான். தியேட்டரே சிரித்தது. எனக்குப் பின்னால் ஒருத்தன் சிரித்த சிரிப்பில் அவன் சோளப்பொரி என் தோளில் கொட்டியது.

ஜானிஸும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். இறங்கும்போது, "அம்மா, அப்பா காட்டிக்கொடுத்தாரா?" என்று கேட்டாள். முப்பத்துமூன்று வயதுப் பெண், சின்னப்பிள்ளை குரலில் கேட்டாள்.

நீதான் அன்றைக்கு அந்தப் பப்பில் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவள். டக்கி வேறு யாரையோ தேடி வந்தான், லென் குறுக்கே போய் நின்று, "இங்க வேணாம் டக்கி, பொம்பளைங்க இருக்காங்க" என்று சொன்னார், அவ்வளவுதான் நடந்தது என்று நீதான் எனக்குச் சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு காலம் ஓட்டினேன். அது நிஜம்தானே? எனக்கு ஆறுதலுக்குச் சொன்னதில்லையே?

உடனே எழுது.

உன்
ஐலீன்


மார்கேட்
9 மார்ச் 2001

என் தங்கம் ஐலீன்,

கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். முதலில் இதைக் கேள். லென் மண்டியிடவில்லை. யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் கையெட்டும் தூரத்தில் தம்ளர் துடைத்துக்கொண்டு நின்றேன். உன்னிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லும் நடந்தது. ஜானிஸிடம் சொல். ரீட்டா அத்தை சத்தியம் பண்ணினாள் என்று சொல்.

படம் வரப்போவது எனக்கு முன்பே தெரியும். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன்னிடம் மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை, அதனால் இதையும் சொல்கிறேன். நான் மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன். அந்த நடிகன் டக்கியின் நடையை எங்கிருந்துதான் பிடித்தானோ! இடது தோளைச் சற்றுச் சாய்த்து, கதவைக் காலால் தள்ளி உள்ளே வருவானே, அதே நடை. அம்மாவைக் குளிப்பாட்டி விடுகிற காட்சி ஒன்று வருகிறது. அது நிஜம், அவன் அப்படித்தான் செய்வான். வேறொரு வழக்கில் உள்ளே போய், கடைசியில் ஜெயில் ஆஸ்பத்திரியில் நான் பார்த்த டக்கி எலும்பும் தோலுமாக, என்னையே அடையாளம் தெரியாமல் கிடந்தான். இப்போது இரண்டு மணி நேரம் எழுந்து நடமாடுகிறான். லென் காட்சி வரும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன்.

சினிமாதானே கண்ணு. நாலு வாரம் ஓடும், அப்புறம் எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஈஸ்டருக்கு வருகிறேன். பேசுவோம்.

ஆயிரம் முத்தங்களுடன்
ரீட்டா


பெர்மண்ட்ஸி
18 மார்ச் 2001

அன்புள்ள ரீட்டா,

உன் கடிதத்தை ஜானிஸிடம் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். நீ சத்தியம் பண்ணியது எங்கள் இரண்டு பேருக்கும் போதும். ஆனால் ஊருக்குப் போதவில்லை.

நூலகத்தில் இருக்கிற பெண், படம் பார்த்தவர்கள் கருத்து எழுதுகிற பக்கம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் காட்டினாள். முகம் தெரியாதவர்கள். லீட்ஸிலிருந்து, டப்ளினிலிருந்து, கனடாவிலிருந்துகூட எழுதுகிறார்கள். நான் தினமும் போகிறேன். போகாதே என்று ஜானிஸ் சண்டை போடுகிறாள். புண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற மாதிரி, போகாமல் இருக்க முடியவில்லை.

"பத்துக்குப் பத்து. அந்த பார்க்காரன் சாகுற சீன் ஒண்ணுக்கே குடுத்த காசு தகும்."

"நடுவுல கொஞ்சம் இழுவை. ஆனா லென் அழுறப்ப விழுந்து விழுந்து சிரிச்சோம். எங்க ஆபீஸ்ல இப்ப யாராவது போட்டுக் குடுத்தா அவன் பேரு லென்தான்."

"டக்கி மாதிரி ஆளுங்க இருந்தப்ப தெருவுல பயமில்லாம நடக்கலாம்னு எங்க தாத்தா சொல்லுவாரு. கெட்டவன்தான், ஆனா நியாயமானவன். தப்புப் பண்ணவனத்தான் தொடுவான்."

இந்தக் கடைசி ஆள் யார், ரீட்டா? இவன் தாத்தா யார்? நான் எந்தத் தெருவில் பயமில்லாமல் நடந்தேன்?

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். இதுவரை கேட்டதில்லை. அன்றைக்குப் போலீஸ் வந்தபோது பப்பில் இருந்த எல்லாரும் கழிப்பறையில் இருந்ததாகச் சொன்னார்கள். நீ நிலவறையில் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னாய். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் கூடப்பிறந்தவன், உன் அம்மா உயிரோடு இருந்தாள். புரிந்துகொண்டேன். என் வீட்டு அடுப்படியில் நீ உட்கார்ந்து அழுதபோது உனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

இப்போது டக்கியும் இல்லை, உன் அம்மாவும் இல்லை. யாரையும் ஜெயிலுக்கு அனுப்பச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் உன் பேரைப் போட்டு மூன்று வரி எழுது. நான் அங்கே இருந்தேன், லென் அப்படிப்பட்டவர் இல்லை என்று எழுது. நான் எழுதினால் பெண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாள் என்பார்கள். நீ டக்கியின் அக்கா. நீ சொன்னால் நம்புவார்கள்.

ஐலீன்


மார்கேட்
30 மார்ச் 2001

ஐலீன் கண்ணு,

பத்து நாளாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன்.

என்னால் முடியாது. லென் தப்பே செய்யாதவர் என்று நான் எழுதினால், என் தம்பி யார்? படத்தில் அவனுக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. காரணமே இல்லாமல், ஒரு நல்ல மனுஷன் குறுக்கே நின்றதற்காகச் சுட்டவன் என்று நானே என் பேரைப் போட்டுச் சொல்லவா? இத்தனை வருஷமாக நான் யாருடைய அக்கா என்பதை வெளியே சொல்லாமல் வாழ்ந்தேன். இப்போது மளிகைக்கடைப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கதானாமே, உங்க தம்பி என்ன கம்பீரம்!" என்கிறாள். எனக்கு அறுபத்துநாலு வயது. பிள்ளை குட்டி இல்லை. நீயே சொல், அதை நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா?

உனக்கு உண்மை தெரியும். ஜானிஸுக்குத் தெரியும். எங்கோ கனடாவில் இருக்கிறவன் என்ன நினைத்தால் நமக்கென்ன?

என்னை வெறுக்காதே.

ரீட்டா


பெர்மண்ட்ஸி
22 ஏப்ரல் 2001

ரீட்டா,

ஈஸ்டருக்கு நீ வரவில்லை. உடம்பு சரியில்லை என்று அட்டை போட்டிருந்தாய். நேற்று ராய் கறியைப் பேப்பரில் சுற்றிக் கொடுக்காமல், பேப்பரைத் தனியாக மடித்துக் கொடுத்தான். "நான் குடுத்தேன்னு வச்சுக்காத ஐலீன். ஆனா நீ பாக்கணும்" என்றான்.

அதில் இருக்கிற போட்டோவில் டக்கியாக நடித்தவன் உன் தோளில் கைபோட்டிருக்கிறான். நல்ல நீலக் கோட்டு, உனக்குப் பொருத்தமாக இருக்கிறது. சிறப்புக் காட்சிக்கு லண்டனுக்கு வந்திருக்கிறாய். என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் தூரத்தில் ஒரு ராத்திரி தங்கியிருக்கிறாய். படம் பார்த்தவர்களின் கருத்து என்று போட்டு, முதலில் உன்னுடையதைப் போட்டிருக்கிறார்கள். "எல்லாமே அப்படியே நடந்தது. என் தம்பியே எழுந்து வந்த மாதிரி இருந்தது."

எல்லாமே.

நீ எழுத மறுத்த அந்த மூன்று வரியை நானே எழுதிவிடலாம் என்று அதற்கு முந்தின வாரமே எழுதியிருந்தேன். நூலகப் பெண் தட்டித் தந்தாள். நான் லென் ட்ரான்டரின் மனைவி, அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை, மண்டியிடவில்லை என்று எழுதினேன். இன்று போய்ப் பார்த்தேன். ஒருவன் பதில் போட்டிருக்கிறான்.

"டக்கியோட சொந்த அக்காவே பேப்பர்ல சொல்லிட்டாங்க, எல்லாம் அப்படியே நடந்துச்சுன்னு. அவங்க அங்க இருந்தவங்க. நீங்க இருந்தீங்களா மேடம்?"

நான் இல்லை. நான் வீட்டில் ஜானிஸுக்கு உருளைக்கிழங்கு மசித்து ஊட்டிக்கொண்டிருந்தேன்.

நூலகப் பெண் பாவம், "அழிச்சிடவாம்மா?" என்றாள். அழித்துவிடு என்றேன்.

உன்மேல் கோபமா என்று கேட்டால், கோபப்படவாவது ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும். நடப்பது இதுதான். கண்ணை மூடினால் லென்னாக நடித்தவன்தான் வருகிறான், மூக்கு ஒழுக, ஷூவைப் பிடித்துக்கொண்டு. என் புருஷன் முகம் வர மாட்டேன் என்கிறது. கல்யாணப் போட்டோவை எடுத்துப் பார்த்தால், யாரோ ஒரு பையன் சிரித்துக்கொண்டு நிற்கிறான். கடைசி நிமிஷத்தில் அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான். அதை நீ அவர்களுக்குக் கொடுத்துவிட்டாய்.

இனி எழுத வேண்டாம். வரவும் வேண்டாம். ஜானிஸும் இதையே சொல்லச் சொன்னாள்.

ஐலீன் ட்ரான்டர்


மார்கேட்
17 ஜூன் 2001

அன்புள்ள ஐலீன்,

எழுத வேண்டாம் என்று நீ சொன்ன பிறகு நான் போடும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டுக்கும் நீ பதில் போடவில்லை. இதற்கும் போட மாட்டாய். பிரிக்காமல் குப்பையில் போட்டாலும் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

ஜனங்கள் கேட்கிறார்கள் என்று இங்கே மறுபடி அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள். நேற்று மதியக் காட்சிக்குப் போனேன். லென் காட்சி வந்தபோது இந்தமுறை வெளியே போகவில்லை. உட்கார்ந்து பார்த்தேன். சிரிப்பு ஆரம்பித்ததும் எழுந்து நின்றேன். "இது பொய்! நான் அங்க இருந்தேன்! அவரு மண்டி போடல! இவன் சும்மா சுட்டான், என் தம்பி சும்மா சுட்டான்!" என்று கத்தினேன். என் குரல் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

பின்னாலிருந்து ஒருத்தன், "உக்காரு பாட்டி, மறைக்குது" என்றான். அதற்கும் சிரித்தார்கள். டார்ச்சு வைத்திருக்கும் பெண் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். "வாங்கம்மா, வெளிய காத்தாட உக்காருங்க. யாரு கூட வந்தீங்க?" என்று கேட்டாள். யாரும் இல்லை என்றேன். என் பேரைச் சொன்னேன். யாருடைய அக்கா என்றும் சொன்னேன். "சரிம்மா, சரிம்மா" என்று தட்டிக்கொடுத்து, ஒரு தம்ளர் தண்ணீர் தந்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நீ அன்றைக்கே கேட்டதை நான் சொல்லிவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. பொய், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பஸ்ஸுக்காகக் கடற்கரைச் சாலையில் நின்றேன். படம் விட்டு வந்த பையன்கள் இரண்டு பேர் அந்தக் காட்சியை நடித்துக்கொண்டிருந்தார்கள். டக்கியாக நடித்தவன் இடது தோளைச் சாய்த்து நடந்து வந்தான். மற்றவன் நடைபாதையில் மண்டியிட்டு, கையைக் கூப்பி அழுதான். நன்றாகத்தான் செய்தான். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைதட்டினார்கள். பஸ் வந்தது. நான் ஏறவில்லை. அவர்கள் இன்னொரு முறை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ரீட்டா