கை நடுங்காத மிஷின்

அம்மா,

வேலி வேலைக்கு நான் போட்டுக்கொள்ளும் அப்பாவின் பழைய சட்டையில் பெட்ரோல் வாசனையும் கிளுவைப் பிசின் வாசனையும் ஒட்டியிருக்கின்றன. துவைத்தும் போகவில்லை. இன்று அதைக் கொடியில் போடும்போது திருப்பத்தூர் மிஷின் கடையில் நாம் நின்றது நினைவுக்கு வந்தது.

அதற்கு முந்தின வருடம் சித்தப்பா எங்கிருந்தோ ஒரு பெரிய மரம் அறுக்கும் மிஷினைக் கொண்டுவந்து நம் வேலியை வெட்டிக்கொடுத்தார். கிளுவைத் தண்டைப் பாதிக்கு மேல் வெட்டி, பட்டை அறாமல் சாய்த்துப் பின்ன வேண்டும். பட்டை பிடித்திருந்தால்தான் சாய்ந்த தண்டு மழைக்குத் துளிர்த்து வேலி அடர்த்தியாகும். கொடுவாளில் அது கைக்குத் தெரியும். மிஷினில் சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. தண்டுகள் துண்டாகி விழுந்தன. வேலியில் விழுந்த அந்தச் சந்து வழியாகக் காட்டுப்பன்றிகள் வந்து சாமையை உழுதுவிட்டுப் போயின. அந்த வருடம் நமக்கு வீட்டுச் சாமை இல்லை.

உனக்குத் தோள்பட்டை வலி. கொடுவாள் ஓங்க முடியவில்லை. அப்பா குடகில் காப்பித் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தார். அதனால் என் கைக்கு ஒரு மிஷின் வாங்க நாம் இருவரும் பஸ் ஏறினோம்.

"வூட்டுக்காரர் வரலியாம்மா?" என்றார் கடைக்கார பாய்.

"அவரு வந்தா அவரு கைக்கு ஏத்த மாதிரி வாங்கிடுவாரு, பாய். வேலி வெட்டப்போறது இந்தப் பொண்ணு."

அவர் பெரியதாக ஒன்றை எடுத்து வைத்தார். "இதை எடுத்துக்கோங்க. ஆலமரமே சாஞ்சிடும்."

"மரம் சாய வேணாங்க. பாதி வெட்டணும், பாதியில நிக்கணும்."

"பாதி வெட்றதுக்கு இன்னாத்துக்கும்மா முழு மிஷின்?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்பதாவதில் பள்ளியை விட்டவள் நான். வகுப்பில் பெயர் கூப்பிட்டால்கூட எனக்குக் குரல் வராது. வெளியே போய்விடலாம் என்று உன் புடவையை இழுத்தேன். நீ அந்தப் பெரிய மிஷினை எடுத்து என் கையில் கொடுத்தாய். "குனிஞ்சு புடி. வேலிகிட்ட எப்படி நிப்பியோ அப்படி நில்லு."

பாய் டீ வரவழைத்திருந்தார். நீ அதை ஊதி ஊதிக் குடித்தாய். பாதி டம்ளர் போவதற்குள் என் முழங்கை ஆட ஆரம்பித்தது. "வெச்சிடு" என்றாய். அடுத்ததைக் கொடுத்தாய். அதுவும் ஆடியது.

"இன்னாம்மா இது, பெத்த பொண்ணைக் கடையில நிக்க வெச்சு தண்டனை குடுக்கிறியா?"

"கை நடுங்கினா பட்டை அறுந்துடும், பாய். நீங்க இன்னொரு டீ சொல்லுங்க."

கடைசியில் குட்டைப் பிளேடு வைத்த சின்ன மிஷின். விறகுக்கிளை கழிப்பதற்கு வாங்குவார்களாம். இரண்டாவது டீ முழுதும் தீர்ந்தது. என் கை ஆடவில்லை. விலையைப் பற்றி நீ பேச ஆரம்பித்தபோதும் நான் அதைக் கீழே வைக்கவில்லை.

அந்த வருடம் வேலி நின்றது. தை மாதம் மஞ்சள் காமாலையில் நீ போனாய்.

இந்த வருடம் அப்பா குடகுக்குப் போகாமல் நம் மலை ஊரிலேயே இருக்கிறார். விதைப்புக்கு முன் நாங்கள் இருவரும் வேலி கட்டினோம். நான் வெட்ட, அவர் தண்டைப் பிடித்துச் சாய்த்தார். ஓடைப் பக்கம் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பன்றி இறங்கும் இடமே அதுதான். மீதி கொஞ்சம்தான்.

"முடிச்சிடு பாப்பா. சந்து விட்டா போன கதைதான் ஆவும்."

நான் மிஷினை அணைத்தேன்.

"இன்னா, பயமா இருக்குதா?"

"இல்லப்பா. கை நடுங்குது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு "குடு, நான் வெட்றேன்" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "இது என் கைக்கு வாங்கினது. காலைல வெட்றேன்" என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. அவர் போய் முள் வெட்டிவந்து சந்தை அடைத்தார். நானும் இழுத்துப் போட்டேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தோம். முள்ளுக்கு வெளியே மண் கிளறிக் கிடந்தது. உள்ளே ஒரு குளம்படி இல்லை. முள்ளை விலக்கிவிட்டு மீதித் தண்டுகளை வெட்டினேன். ஒன்றுகூட அறவில்லை. அப்பா ஒவ்வொன்றாகச் சாய்க்கும்போது "போதுமா?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் போதும் என்ற இடத்தில் நிறுத்தினார்.