டாங்கு மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

இன்று காலை ஆயுத பூசைக்குச் சந்தனம் குழைத்தேன். மகன் தன் புல் வெட்டும் மெசினைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தான். நான் வழக்கம்போல டாங்கு மூடியைத் தொடாமல், இரண்டு விரல் தள்ளிப் பொட்டு வைத்தேன். "ஏம்பா, வருசா வருசம் மூடிய மட்டும் விட்டுர்றீங்க?" என்று கேட்டான். கூட்டாளி, சந்தன வாசம் ஏறியதுமே நீ என் நினைவில் வந்து நின்றுவிட்டாய், காக்கிக் கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு.

காஜா பெராங் ஊரில் பள்ளிக்கூடத் திடலுக்குப் புல் வெட்டுகிறவனாக நான் இருந்தேன். சாலைக்கு அந்தப் பக்கம் உன் இரும்புப் பட்டறை. நீ செட்டி வீட்டுப் பிள்ளை. எங்கள் சாமிகள்தான் உங்களுக்கும், தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்ததில் பேச்சு மட்டும் மலாயாகிவிட்டது. நான் தமிழில் கேட்பேன், நீ மலாயில் பதில் சொல்வாய். பல வருடம் அப்படியே பேசி ஒரு சண்டைகூட வந்ததில்லை. வந்த ஒரே சண்டையும் நான் மட்டும் போட்டது.

வெள்ளைக்காரர் விட்டுப்போன, புல் வெட்டும் அந்தச் சின்ன டிராக்டரை மறந்திருக்கமாட்டாய். முன்மூடிக்கு உள்ளே, புகைக்குழாய்க்கு நேர் மேலே பெட்ரோல் டாங்கை வைத்திருந்தார்கள். எந்தப் புண்ணியவான் செய்த வேலையோ! ஒரு நாள் ஒழுகித் தீப்பிடித்து என் முழங்கை வெந்தது. பள்ளிக்கூட ஆபீசுப் பெரிய கிராணி என் கையில் இருந்த துணிக்கட்டைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார். "மெர்டேக்கா நாள் சுதந்திரக் கொடி ஏத்துறதுக்குள்ள திடல் சுத்தமா இருக்கணும். வண்டி ஓடலன்னா வேற ஆள் வச்சுக்கிறேன்" என்றார். நான் அப்போது தற்காலிக ஆள். வேலை போனால் பள்ளிக்கூடம் கொடுத்த வீடும் போகும்; மூன்று பிள்ளைகளோடு எங்கே போவேன்?

நீ வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தாய். டாங்கைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைப்போம் என்றாய். பழைய கட்டில் காலை அறுத்து, இஞ்சினைவிட ஒரு முழம் உயரமாகத் தாங்கி செய்து பற்றவைத்தாய். அவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்டேன். "பெட்ரோலுக்கு இறங்கத்தான் தெரியும், ஏறத் தெரியாது" என்று உன் மலாயில் சொல்லிச் சிரித்தாய். செப்புக் குழாயை நீ வளைத்துப் பொருத்திய அழகை இன்று நினைத்தாலும் மனம் குளிர்கிறது.

ஓட்டிப் பார்க்கிற நாளன்று கற்பூரம் காட்டினேன். அதுவரை வண்டியின் முன்மூடிக்குத்தான் பொட்டு. இப்போது டாங்கு உயரத்தில் ஏறிக் கண்ணெதிரே உட்கார்ந்திருக்க, அதை விட மனம் வரவில்லை. மூடியின் நட்ட நடுவில் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

வண்டி கிளம்பியது. திடலில் கால்வாசி போய் நின்றது. நீ மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து மூடினாய்; மறுபடி ஓடியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது. கிராணியும் வாத்தியார்களும் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வீடும் பிள்ளைகளும் கண்முன் வந்தன. "ஒழுங்கா இருந்த வண்டியக் கெடுத்து என் சோத்துல மண்ணப் போட்டியே!" என்று ஊரே கேட்கக் கத்தினேன்.

நீ டாங்கு பக்கம் போனாய். எங்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து ஏதோ செய்தாய். பிறகு கிராணியிடம் போய், "சாலா சயா, துவான்" என்றாய். என் தப்புதான் ஐயா, குழாயில் தூசி நின்றுவிட்டது என்றாய். அதன் பிறகு வண்டி நிற்கவே இல்லை. கொடி ஏறியது, திடலை எல்லோரும் மெச்சினார்கள். உன் கால்சட்டையில் மட்டும் மஞ்சளாக ஒரு கறை இருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை.

அடுத்த ஆயுத பூசைக்கு மூடியில் மறுபடி பொட்டு வைத்தேன். வண்டி அதே மாதிரி நின்றது. மூடியைக் கழற்றி வெயிலில் பிடித்தேன். காற்றுப் போக நடுவில் ஊசித்துளை ஒன்று உண்டே, அது சந்தனத்தால் அடைபட்டிருந்தது. உள்ளே காற்றுப் போகாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? என் சந்தனத்தை நீ வழித்துத் துடைத்த அந்தக் கால்சட்டைக் கறை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பட்டறைக்கு ஓடிவந்து, "அந்த மூடி..." என்று ஆரம்பித்தேன். "சுடாலா, காவான்" என்று தடுத்துவிட்டாய். போதும் விடு, கூட்டாளி என்று சொல்லி, உன் கோப்பியைப் பாதி ஊற்றி எனக்குக் கொடுத்தாய்.

உனக்குப் போதும். ஆனால் கிராணி, "அவன் கை பட்டா வண்டி நிக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். இரும்புக் கேட்டு, பெஞ்சு என்று பள்ளிக்கூட வேலை எதுவும் அப்புறம் உன் பட்டறைக்கு வரவில்லை. நான் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலை நிரந்தரமாகட்டும் என்று காத்திருந்தேன். ஆன பிறகு, இனி எதற்கு என்று இருந்தேன். பிறகு கிராணியும் மாற்றலாகிப் போய்விட்டார். பயந்தாங்கொள்ளி என்று நீ ஒருமுறை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. இன்றுதான் மகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்க வீட்டுல இப்ப யாரு இருக்கா?" என்றான். உன் மகள் இருக்கிறாள் என்றேன். "கிளம்புங்க, போய்ச் சொல்லிட்டு வருவோம்" என்று சாவியை எடுத்துக்கொண்டான்.

சட்டையை மாட்டிக்கொண்டுவிட்டேன், அவன் வாசலில் நிற்கிறான். உன் மகளுக்குத் தமிழ் வராது. அதனால் நான் மலாயில்தான் சொல்ல வேண்டும். நிறையப் பேச வராது எனக்கு. அன்று திடலில் நீ எனக்காகச் சொன்ன அந்த இரண்டு வார்த்தை போதும்: சாலா சயா.