அடியில் ஒரு ஓட்டை

விழுப்புரம்
12-9-1963, வியாழன்

லூர்துமேரி அக்காவுக்குத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு மாற்றல். வீடு கிடைத்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஆறு செடிகளை நம் வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒரு கற்றாழை, ஒரு ரணகள்ளி. மீதி நான்கும் பெயர் தெரியாத குண்டு இலைகள். "தண்ணி ஜாஸ்தி ஊத்திடாத வேணி. எங்க வூட்டுக்காரரு வச்சது. அவரு போனப்புறம் இதுங்ககூடத்தான் பேசிக்கினு இருக்கேன்" என்றார்.

போன வருஷம் மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்த இருபது நாளும் அவரைக் குழந்தை மாதிரி துடைத்துவிட்ட நர்சு அக்காதான். நம்மிடம் ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை. செய்ய மாட்டேனா?

18-9-1963

செடிகள் இருப்பதெல்லாம் பால்பவுடர் டப்பாக்கள். அடி துருப்பிடித்து உதிர்கிறது, பார்க்கவே அசிங்கம். ஊறுகாய் ஜாடிகளைக் காலி செய்து ஆறையும் மாற்றி வைத்தேன். வெள்ளையும் பழுப்புமாகப் பளபளவென்று நிற்கின்றன. அக்கா வந்தால் அசந்துபோவார்.

6-10-1963

விடாத மழை.

17-10-1963

ஒரு குண்டுச் செடி போயிற்று. தொட்டதும் இலை கூழாகக் கையோடு வந்தது. ஜாடியைக் கவிழ்த்தால் சாக்கடை நாற்றம் - உள்ளே அத்தனை தண்ணீர். துருப்பிடித்த ஓட்டைகளால்தான் இத்தனை நாள் பிழைத்திருந்தனவா? அழகு பார்க்கப் போய் நானே கொன்றுவிட்டேன். அடி பைத்தியக்காரி, அது யாரு வச்ச செடி?

மறைக்க மனம் வரவில்லை. அக்காவுக்குக் கார்டு எழுதிப் போட்டேன்.

24-10-1963

பதில் வந்தது. திட்டவே இல்லை. ஜாடி வேண்டாமாம். பூச்சு இல்லாத மண்சட்டி, அகலமாக, உயரம் குறைவாக வேண்டும். செடியைச் சுற்றி ஒரு விரல் இடம் போதும். சட்டி பெரிதானால் ஈரம் தங்கிவிடும். அடியில் ஓட்டை கட்டாயம். 'போனதற்கு அழாதே, மீதி ஐந்தும் உன் கையில் பிழைக்கும்' என்று முடித்திருந்தார். அதைப் படித்துத்தான் அழுதேன்.

26-10-1963, சனி

சட்டி விற்கும் முனியம்மாளிடம் ஐந்து பொறுக்கினேன். அடியில் ஓட்டை போட்டுத் தரச் சொன்னதும் அவள் முகம் மாறிவிட்டது. "ஓட்டப் பானை சுடுகாட்டுக்குத்தாம்மா. குடித்தனம் பண்ற வூட்டுக்கு என் கையால குடுக்கமாட்டேன்."

அப்படியே வாங்கி வந்தேன். நானே போட்டுக்கொள்ளலாம் என்று ஆணியும் சுத்தியலும் எடுத்தால், இவர் பார்த்துவிட்டு "வேணாம் வேணி" என்றார். நான் விடவில்லை. படித்த மனுஷன் பேசுகிற பேச்சா என்று கத்தினேன். வெளியே போய்விட்டார்.

அப்புறம்தான் உறைத்தது. போன வருஷம் மாமனாரின் சிதையைச் சுற்றித் தண்ணீர்க் குடம் சுமந்தவர் இவர். சுற்றுக்கு ஒரு ஓட்டையாக மூன்று. "முதுகெல்லாம் தண்ணி ஒழுகிச்சு வேணி" என்று அன்றைக்கு ஈர வேட்டியோடு வந்து சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்கு ஏன் இந்த வாய்?

29-10-1963

இன்னொன்றின் தண்டும் மெத்தென்று ஆகிறது. இவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

1-11-1963

காலையில் கிணற்றடிக்குப் போனால் இவர் உட்கார்ந்திருக்கிறார். நான்கு சட்டிகள் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. ஐந்தாவதை ஈர மணலில் கவிழ்த்து, ஆணியைத் திருகித் திருகி இறக்கிக்கொண்டிருந்தார்.

"அடிச்சா ஒடஞ்சிடும்" என்றார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பாவுக்கு மூணு போட்டாங்க. இதுக்கு ஒண்ணு போதுமா?"

"போதுங்க."

கொஞ்ச நேரம் திருகினார். "அந்தம்மா இல்லன்னா எங்கப்பா முதுகெல்லாம் புண்ணாயி போயிருப்பாரு. அவங்க செடிக்கு இதுகூடப் பண்ணலன்னா நான் இன்னா மனுசன்?"

மத்தியானத்துக்குள் ஐந்தும் முடிந்தன. மணலும் செங்கல் பொடியும் கலந்து நான் நட்டேன். இப்படி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டதற்கு இன்று சாமிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டேன்.

5-1-1964, ஞாயிறு

அக்கா வந்தார். ஐந்தும் பிழைத்து நிற்பதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டை போட்டது இவர்தான் என்று சொன்னேன். நான்கை எடுத்துக்கொண்டு, தண்டு மெத்தென்று ஆகித் தேறிய அந்த ஒன்றை மட்டும் விட்டுப்போனார். "இது உங்ககிட்டயே இருக்கட்டும் தம்பி" என்று இவரிடம்தான் சொன்னார்.

சாயங்காலம் இவரே அதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். பிறகு சட்டியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து அடியையே பார்த்துக்கொண்டு நின்றார். சொட்ட நேரமாயிற்று. சொட்டியது, கை வழியாக முழங்கைக்கு இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"தண்ணி போவுது வேணி" என்றார். "இனிமே செடிக்கு ஒண்ணும் ஆவாது."